மருத்துவம் பால் பார்ப்பதில்லையா?

மருத்துவத்துக்கு ஆண் பெண் பேதம் இல்லை என்பது படித்தவர்களிடம் வேரூன்றிய கருத்து. அதைத் தாங்க நான்கு தூண்கள் உண்டு. பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பது முதல் தூண். மகப்பேறு, மாதவிலக்கு நீங்கலாக இரு பாலாரின் உடலும் ஒன்றுதான், ஒருவரிடம் சோதித்த மருந்து மற்றவருக்கும் பொருந்தும் என்பது இரண்டாவது. மருந்துச் சோதனைகளிலிருந்து பெண்களை விலக்கியது அவர்களைக் காக்கத்தான், அதுவும் சட்டம் வந்தபின் முடிந்துபோன கதை என்பது மூன்றாவது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொட்டப்படும் பணத்தைப் பார்த்தால் ஆராய்ச்சி நிதியில் வஞ்சிக்கப்படுவது ஆண்களே என்பது நான்காவது. நான்கிலும் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. கருத்து நிலைத்து நிற்பதற்குக் காரணமும் அதுவே. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டிப் பார்த்தால் எதுவும் பாரம் தாங்குவதில்லை.

ஆயுள் என்னும் அளவுகோல்

இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி 2016-20 காலத்தில் ஆணின் சராசரி ஆயுள் 68.6 ஆண்டு, பெண்ணுடையது 71.4 ஆண்டு. உலகின் பெரும்பாலான நாடுகளில் இதே நிலைதான். இதைக் காட்டி, பெண்ணுக்கு மருத்துவம் குறை வைக்கவில்லை என்று முடிவு கட்டுவது எளிது.

அந்த முடிவைக் கவிழ்க்க வேறு எங்கும் போக வேண்டாம். அதே திட்டத்தின் பழைய கணக்கே போதும். 1970-75 காலத்தில் இந்திய ஆணின் சராசரி ஆயுள் 50.5 ஆண்டு, பெண்ணுடையது 49 ஆண்டுதான். இலங்கையிலும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்களின் ஆயுளே குறைவாக இருந்தது. உடலமைப்பு தரும் சாதகம் அன்றும் பெண்ணுக்கு இருந்தது. சாப்பாட்டிலும் பிரசவத்திலும் வைத்தியத்திலும் நேர்ந்த புறக்கணிப்பு அந்தச் சாதகத்தை விழுங்கிவிட்டது. பிரசவ மரணமும் குழந்தைப் பருவ மரணமும் குறைந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. ஆகவே இன்றைய இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி, மருத்துவம் சமமாக நடத்துகிறது என்பதற்குச் சான்றாகாது. பெண்ணுடலின் இயல்பான வலுவும், ஆண்களிடையே மிகுந்துள்ள புகை, மது, சாலை விபத்து, தொழிலிட விபத்து ஆகியவையும் சேர்ந்து உண்டாக்கிய இடைவெளி அது.

எத்தனை ஆண்டு வாழ்கிறார் என்பது ஒரு கேள்வி. எத்தனை ஆண்டு நோயோடு வாழ்கிறார் என்பது வேறு கேள்வி. உலகப் பொருளாதார மன்றமும் மெக்கின்சி சுகாதார நிறுவனமும் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் தம் வாழ்நாளில் 25 சதவீதம் கூடுதலான காலத்தை நலக்குறைவோடு கழிக்கிறார்கள் என்று கணக்கிட்டது. ஒற்றைத் தலைவலி, முடக்குவாதம், லூபஸ், தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவை ஆளைக் கொல்வதைவிட முடக்குவதே அதிகம். மரணப் பதிவேட்டில் இவை பெரிதாக இடம்பெறுவதில்லை. ஆயுளை மட்டும் அளக்கும் கோலுக்கு இந்த நோய்கள் கண்ணில் படுவதே இல்லை.

எழுபது கிலோ ஆண்

இரண்டாவது தூண் உடல் பற்றியது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1975-இல் ஒரு 'ஒப்பீட்டு மனிதனை' வரையறுத்தது: வயது 20 முதல் 30, எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர், ஆண். கதிர்வீச்சுக் கணக்குக்காக வரையப்பட்டவர் இவர். ஆயினும் இவரை ஒத்த ஒருவர்தான் மருத்துவப் பாடநூல்களிலும் மருந்தளவுக் கணக்குகளிலும் 'மனிதன்' என்ற பொதுப்பெயரோடு நெடுங்காலம் உலவினார்.

பெரிய ஆய்வுகளிலும் இவரே இருந்தார். முதுமை எப்படி வருகிறது என்பதை அறிய அமெரிக்காவின் பால்டிமோரில் 1958-இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வில் முதல் 20 ஆண்டுகளும் பெண்களே இல்லை; 1978-இல்தான் சேர்க்கப்பட்டார்கள். இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளைக் குறைத்தால் என்ன பயன் என்று பார்த்த, 1982-இல் முடிவு வெளியான ஆய்வில் 12,866 பேர் இருந்தார்கள், அனைவரும் ஆண்கள். அந்த ஆய்வின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை 'மிஸ்டர் ஃபிட்' என்று உச்சரித்தார்கள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் எடுத்தால் முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறையும் என்று 1980களின் இறுதியில் காட்டிய புகழ்பெற்ற ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். அவர்களும் அனைவரும் ஆண்கள்.

இதயநோய் ஆண்களைச் சுமார் பத்தாண்டு முன்னதாகத் தாக்குகிறது, ஆகவே ஆண்களிடம் ஆய்வைத் தொடங்கியது நியாயமே என்று எதிர்வாதம் எழும். தொடங்கியதற்கு அது காரணமாகலாம். தொடங்கிய இடத்திலேயே நின்று, கிடைத்த முடிவை எல்லோருக்கும் எழுதிக்கொடுத்ததற்குக் காரணமாகாது. 39,876 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆஸ்பிரின் ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. மருந்தின் அளவு சற்று வேறு என்றாலும் கேள்வி அதேதான். பதில் நேர்மாறாக இருந்தது. பெண்களிடம் முதல் மாரடைப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரின் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. மாறாகப் பக்கவாதத்தை 17 சதவீதம் குறைத்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் பெண்களுக்கு எழுதப்பட்ட ஆஸ்பிரின் சீட்டுகளுக்கு ஆண்களின் உடல்தான் சான்றாக இருந்தது.

வேறுபாடு என்று பார்த்தால் எடை மட்டுமே, அதற்கேற்ப அளவைக் குறைத்தால் போதும் என்பது அடுத்த சமாதானம். இதயத் துடிப்பின் மின்னோட்டம் அதை மறுக்கிறது. ஒரு துடிப்புக்குப்பின் இதயத் தசை மீண்டும் தயாராவதற்கு எடுக்கும் நேரம், பருவமடைந்தபின் பெண்களிடம் ஆண்களைவிட நீண்டிருக்கிறது. அதை மேலும் நீட்டும் மருந்துகளால் உண்டாகும் கொடிய துடிப்புக் கோளாறு பெண்களையே அதிகம் தாக்குகிறது. 1997 முதல் 2000 வரை அமெரிக்கச் சந்தையிலிருந்து பத்து மருந்துகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் எட்டு, பெண்களுக்கே கூடுதல் ஆபத்து விளைவித்தவை என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2001-இல் தெரிவித்தது. அந்த எட்டில் நான்கைப் பெண்களே அதிகம் உட்கொண்டார்கள் என்பதால் பாதிப்பும் மிகுந்திருக்கலாம். மற்ற நான்கும் இரு பாலாருக்கும் பரவலாக எழுதித் தரப்பட்டவை. ஆயினும் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

தூக்க மாத்திரையான ஜோல்பிடெம் இன்னொரு சான்று. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை இரு பாலாருக்கும் 10 மில்லிகிராம் என்றே எழுதினார்கள். மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் கழிந்த பின்னும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து சுமார் 15 சதவீதப் பெண்களின் ரத்தத்தில் தங்கியிருந்தது; ஆண்களில் அது 3 சதவீதம்தான். பெண்களுக்கு 5 மில்லிகிராம் போதும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 ஜனவரியில் அறிவித்தது. 20 ஆண்டுகள் பெண்கள் இரட்டிப்பு மருந்தை விழுங்கிவிட்டுக் காலையில் வண்டி ஓட்டினார்கள்.

மனிதருக்கு முன்பே விலங்குகளிடம் இந்தச் சாய்வு தொடங்கிவிடுகிறது. 2009-இல் வெளியான விலங்கு ஆய்வுகளை உயிரியலின் பத்துத் துறைகளில் பரிசீலித்த பியரியும் ஜக்கரும் எட்டுத் துறைகளில் ஆண் விலங்குகளே மிகுந்திருப்பதைக் கண்டார்கள். நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஒவ்வோர் ஆய்வுக்கும், ஆணை மட்டும் வைத்துச் செய்தவை ஐந்தரை இருந்தன. பெண் எலிக்கு இனப்பெருக்கச் சுழற்சி இருப்பதால் அளவீடுகள் நிலையாக இராது என்பது ஆய்வுக்கூடங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்ட காரணம். 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வு, பெண் எலியின் அளவீடுகள் ஆண் எலியினுடையதைவிட அதிகம் ஏறி இறங்குவதில்லை என்று காட்டியது. அது உண்மையாகவே இருந்திருந்தாலும் வாதம் நிற்காது. ஹார்மோன் சுழற்சி மருந்தின் வேலையை மாற்றுமானால், அந்த மருந்தைப் பெண்களிடம் சோதித்தே ஆக வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

காப்பதற்காக விலக்கினோம்

மூன்றாவது தூணுக்கு அடித்தளம் தாலிடோமைடு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இந்த மருந்தைக் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் எடுத்துக்கொண்டார்கள். உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். 1961 நவம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரி, சான்று போதாது என்று அனுமதி தர மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது.

இந்தத் துயரம் சோதனையால் வந்ததன்று. சோதிக்காமல் விற்றதால் வந்தது. கருவுக்கு என்ன ஆகும் என்று பார்க்காமலே கடைக்கு அனுப்பியதுதான் குற்றம். கருச்சிதைவைத் தடுக்கும் என்று அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்ட செயற்கை ஈஸ்ட்ரோஜன் மருந்து டி.இ.எஸ். இன்னும் கசப்பான பாடம். அதனால் பயனில்லை என்று சிகாகோவில் நடந்த முறையான சோதனை 1953-இலேயே காட்டியது. ஆனால் அதை உட்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது தெரிந்து 1971-இல் எச்சரிக்கை வரும்வரை அது எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. இங்கே சோதனை பெண்ணைக் கைவிடவில்லை. சோதனையின் முடிவைக் காதில் வாங்காத மருத்துவம்தான் கைவிட்டது.

இவ்விரண்டிலிருந்தும் கற்க வேண்டிய பாடம், பெண்களுக்கான மருந்துகளை இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பதே. எடுக்கப்பட்ட முடிவோ எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையானது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977-இல் வழிகாட்டியது. கருத்தடை பயன்படுத்துபவர், மணமாகாதவர், கணவர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என யாருக்கும் விலக்கில்லை. மருந்து கடைக்கு வந்தபின் இதே பெண்கள் அதை வாங்கி உட்கொள்வதை எந்த வழிகாட்டியும் தடுக்கவில்லை. சிலநூறு பேர் மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றிருக்க வேண்டிய ஆபத்து, லட்சக்கணக்கானோர் கண்காணிப்பின்றி ஏற்கும் ஆபத்தாக மாறியது.

காப்பதே நோக்கம் என்றால் அது எல்லா இடத்திலும் தெரிந்திருக்க வேண்டும். கருத்தடை மாத்திரையின் பெரிய அளவிலான முதல் சோதனை 1956-இல் புவெர்த்தோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம்தான் நடந்தது. ஆறில் ஒருவருக்கு மேல் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, வாந்தி வந்ததாகவும், பக்க விளைவுகள் ஏற்கத்தக்க அளவைத் தாண்டிவிட்டதாகவும் அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். மாத்திரையை உருவாக்கியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1960-இல் கருத்தடைக்காக அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கான கருத்தடை ஊசியின் பன்னாட்டுச் சோதனை மனநிலை மாற்றம் உள்ளிட்ட பக்க விளைவுகளைக் காரணம் காட்டி 2011-இல் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது தவறு என்று சொல்வதற்கில்லை. ஆண்களுக்குக் கிடைத்த அந்த எச்சரிக்கை புவெர்த்தோ ரிக்கோவில் எங்கே போனது என்பதே கேள்வி.

பழைய கதை என்றும் தள்ள முடியாது. 2020-இல் கொரோனாத் தடுப்பூசிகளின் முதன்மைச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 2021 ஜனவரியில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது தரவு இல்லை என்ற காரணத்தால் அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இரண்டாம் அலை அடித்து ஓய்ந்தபின், ஜூலை 2-ஆம் தேதிதான் அனுமதி வந்தது. சோதனையில் சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் தடுப்பூசி இல்லை.

சட்டம் வந்த பின்

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., உலகிலேயே மிக அதிகமாக மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பு. பெண்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று 1986-இல் அது கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை ஏட்டோடு நின்றுவிட்டது என்று 1990-இல் தணிக்கை அலுவலகம் அம்பலப்படுத்தியது. 1993-இல் சட்டமே இயற்றப்பட்டது. 1977-ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதே ஆண்டு விலக்கப்பட்டது. இன்று என்.ஐ.எச். நிதியில் நடக்கும் மனித ஆய்வுகளில் மொத்தமாகப் பார்த்தால் பங்கேற்பவர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் பெண்கள். இதைச் சொல்லித்தான் கணக்கை முடிக்கிறார்கள்.

மொத்தம் என்பதில்தான் மயக்கம். பெண்களிடம் மட்டும் நடக்கும் சில மாபெரும் ஆய்வுகள் இந்தக் கூட்டுத்தொகையை உயர்த்திவிடுகின்றன. ஒவ்வொரு நோயிலும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விகிதம் இருக்கிறதா என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது. அதைவிட முக்கியமான குறை, சேர்த்த பின்னும் பிரித்துப் பார்க்காதது. 2015-இல் வெளியான என்.ஐ.எச். நிதிபெற்ற சோதனைகளை ஆராய்ந்தபோது, ஒரு முடிவையாவது பால் வாரியாகத் தந்தவை அல்லது பாலைக் கணக்கில் எடுத்தவை சுமார் நான்கில் ஒன்றுதான் எனத் தெரிந்தது. ஆண்களின் விளைவையும் பெண்களின் விளைவையும் ஒரே சராசரியில் கலந்துவிட்டால், சேர்த்ததும் சேர்க்காததும் ஒன்றுதான். ஆய்வக விலங்குகளிலும் உயிரணுக்களிலும் இரு பாலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2016-இல். சட்டத்துக்கு 23 ஆண்டு கழித்து.

பணம் எங்கே போகிறது

நான்காவது தூண் மார்பகப் புற்றுநோய். அதற்குப் பெருந்தொகை கிடைப்பது உண்மை. அந்தத் தொகை தானாக வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நோயாளிகள் அமைப்பாகத் திரண்டு போராடியதால் நாடாளுமன்றம் ராணுவ வரவுசெலவிலிருந்து 21 கோடி டாலரை ஒதுக்கியது. பின்னர் ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் அதே வழியில் நிதி கிடைத்தது. நோய் பறிக்கும் உயிராண்டுகளோடு நிதியை ஒப்பிட்டால், மார்பகமும் புரோஸ்டேட்டும் இரண்டுமே முன்வரிசையில் நிற்கின்றன. சினைப்பை, கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் வெகுவாகப் பின்தங்கியிருக்கின்றன. ஒரு நோய் பெற்ற வெற்றியைக் காட்டி மற்ற அனைத்தின் தோல்வியையும் மறைப்பது நேர்மையான கணக்கல்ல.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை 2013 முதல் 2023 வரையான கணக்கைத் திரட்டியது. என்.ஐ.எச். செலவில் பெண்கள் நல ஆராய்ச்சிக்குப் போனது 8.8 சதவீதம், அந்தப் பங்கும் காலப்போக்கில் சுருங்கியே வந்தது. மீதி 91 சதவீதமும் ஆண்களுக்கான ஆராய்ச்சி அல்ல, பெரும்பகுதி இரு பாலாருக்கும் பொதுவானது என்ற மறுப்பு சரியானதே. ஆகவே நோய் நோயாகப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஆர்தர் மிரின் 2021-இல் அதைச் செய்தார். ஒவ்வொரு நோயும் மக்களுக்கு ஏற்படுத்தும் சுமையை ஒருபுறமும் அதற்கு என்.ஐ.எச். தரும் நிதியை மறுபுறமும் வைத்தார். ஒரு பாலாரையே அதிகம் தாக்கும் நோய்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கில் நிதி ஆண்களுக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தது. பெண்களை அதிகம் தாக்கும் நோய்கள் சுமைக்குக் குறைவாகவும், ஆண்களை அதிகம் தாக்கும் நோய்கள் சுமைக்கு அதிகமாகவும் பணம் பெற்றன. ஒற்றைத் தலைவலியும் நாட்பட்ட களைப்பு நோயும் குறைவாகப் பெற்றவற்றின் பட்டியலில் இருந்தன.

எண்டோமெட்ரியோசிஸ் இந்த வறுமையின் முகம். கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு வெளியே வளர்ந்து கடும் வலியும் குழந்தையின்மையும் தரும் இந்த நோய், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோயைக் கண்டறிய நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முழுமையாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்றும் இல்லை. மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லி அனுப்பிய ஆண்டுகள்தான் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்.

இருக்கிற பணமே போதவில்லை, இதில் பெண்களுக்குத் தனியாக ஏது என்பது கடைசி அரண். என்.ஐ.எச்.-இன் முதல் பெண் தலைவர் பெர்னடின் ஹீலி 1991-இல் தொடங்கிவைத்த பெண்கள் நல ஆய்வு அதற்குப் பதில் சொல்லும். 1,61,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். மாதவிடாய் நின்றபின் இதயத்தைக் காக்கும் என்று லட்சக்கணக்கானோருக்கு எழுதப்பட்ட கூட்டு ஹார்மோன் மருந்து, நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்று 2002-இல் தெரிந்தது. அந்த ஒரு சோதனைக்கு ஆன செலவு 26 கோடி டாலர். அதனால் தவிர்க்கப்பட்ட நோய்களையும் செலவுகளையும் கணக்கிட்டு, நாட்டுக்குக் கிடைத்த நிகர லாபம் 3,710 கோடி டாலர் என்று 2014-இல் மதிப்பிட்டார்கள்.

மருத்துவரின் அறையில்

ஆய்வில் இல்லாத உடல் அவசரப் பிரிவிலும் கண்ணில் படுவதில்லை. இதயநோயோடு சேர்க்கப்படும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே பரிசோதனைகளும் சிகிச்சைகளும் நடக்கின்றன என்று 1991-இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. இதயநோய் நிபுணரான ஹீலி அதற்கு 'இயென்டில் நோய்க்குறி' என்று பெயரிட்டார். ஐசக் பஷேவிஸ் சிங்கரின் கதையில் இயென்டில், மறைநூல் கற்பதற்காக ஆண்வேடம் போடும் பெண். தன் நோயும் ஆணின் நோயைப் போன்றதுதான் என்று காட்டினால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய வைத்தியம் கிடைக்கிறது என்பது ஹீலியின் குற்றச்சாட்டு.

கால் நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒன்பது ஆண்டுகளில் மாரடைப்போடு வந்த சுமார் ஆறு லட்சம் பேரின் பதிவுகளை லீட்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. முதலில் தவறாகக் கணிக்கப்படும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல். மாரடைப்பு வந்த பெண்களிலும் பெரும்பாலானோருக்கு நெஞ்சுவலி இருக்கும். அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகு அல்லது தாடை வலி, மிகுந்த களைப்பு ஆகியவையும் ஆண்களைவிட அதிகமாகத் தோன்றும். பாடநூல்கள் இவற்றை 'வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள்' என்று அழைத்தன. மக்களில் பாதிப்பேருக்கு வருவது வழக்கத்துக்கு மாறானது என்றால், வழக்கம் யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும்.

பெண்கள் வலியைப் பெரிதுபடுத்துவார்கள் என்ற எண்ணமும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கடும் வயிற்றுவலியோடு அமெரிக்க நகர்ப்புற அவசரப் பிரிவு ஒன்றுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், வலிமருந்து கிடைக்க ஆண்கள் 49 நிமிடம் காத்திருந்தார்கள். பெண்கள் 65 நிமிடம். இரு பாலாரும் சொன்ன வலியின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்தியாவில்

இங்கே கதவு இன்னும் முன்னதாகவே அடைபடுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2016-இல் வந்த 23 லட்சத்துக்கும் மேற்பட்ட புறநோயாளிப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வெளியானது. ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண்கள் என்ற கணக்கில் வந்திருந்தார்கள். மக்கள்தொகை விகிதப்படி வந்திருக்க வேண்டியவர்களோடு ஒப்பிட்டால், அந்த ஓராண்டில் நான்கு மாநிலங்களிலிருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் வருகை காணாமல் போயிருந்தது. தொலைவு கூடக் கூட இடைவெளியும் கூடியது. வண்டிச் செலவும் கூலி இழப்பும் துணைக்கு ஆளும் தேவைப்படும்போது, வீட்டில் யாருடைய நோய் காத்திருக்கும் என்பதைத் தொலைவு காட்டிக்கொடுத்தது. வீட்டு வாசலுக்கே சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையையும் மாத்திரையையும் கொண்டுவரும், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற திட்டத்தின் மதிப்பை இந்தத் தொலைவைக் கொண்டே அளக்க வேண்டும்.

உறுப்பு மாற்றுக் கணக்கு இதைவிட வெளிப்படையானது. தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் 2019-23 தரவுப்படி உயிருடனிருப்போர் அளித்த உறுப்புகளில் ஏறத்தாழ 64 சதவீதம் பெண்கள் தந்தவை. உறுப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆண்கள். தாயும் மனைவியும் சகோதரியும் சிறுநீரகமும் கல்லீரலும் தருகிறார்கள். அவர்களுக்கு ஒன்று தேவைப்படும்போது தருவதற்கு அவ்வளவு பேர் முன்வருவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்கு முன்னுரிமை தரும்படி 2025-இல் அந்த அமைப்பே மாநிலங்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது.

பெண்களின் பெயரால் இந்திய அரசு செலவிடுவது குறைவன்று. ஆனால் அது தேடுவது தாயை. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது முதல் பெண்ணுடல் பெரும்பாலும் பேறு என்ற ஒரே கோணத்தில்தான் பார்க்கப்பட்டது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். ஆண்களுக்குச் செய்வதுதான் எளிதும் ஆபத்துக் குறைந்ததும். அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதத்தினருக்கு. ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் 1970-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டாக இரும்புச்சத்து மாத்திரை பெரும்பாலும் கர்ப்பிணியைத் தேடியே போனது. கர்ப்பிணி ஆவதற்கு முன்னும் பின்னும் அவள் பெண்ணாக இருந்ததைத் திட்டம் வெகுகாலம் கவனிக்கவில்லை.

ஆண்களுக்கு எதிரானதா

இவ்வளவையும் சொல்வது ஆண்களின் நலத்துக்கு எதிரான வாதமாகாது. இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் மூன்றில் இரு பங்குக்கு மேல் ஆண்கள். காசநோயும் அவர்களையே அதிகம் பிடிக்கிறது. இவற்றுக்கு நிதியும் கவனமும் கூட வேண்டும். பெண்களுக்கான ஆராய்ச்சியைக் குறைத்தால் இவற்றில் எதுவும் தீராது.

பால் பார்க்காத மருத்துவம் ஆண்களையும் வஞ்சிக்கிறது. எலும்புப்புரை பெண்களின் நோய் என்றே பதிந்துபோனதால், இடுப்பெலும்பு முறிவுகளில் நான்கில் ஒன்றுக்குக் குறையாதவை ஆண்களுக்கு நேர்ந்தும் அவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதப்படுவது அரிது. ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்; அவருக்கான சிகிச்சை பெரும்பாலும் பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கியது. சராசரிக்குள் ஒரு பாலாரை ஒளித்துவைக்கும் முறை, எந்தப் பாலார் சிறுபான்மையோ அவரை அடிக்கிறது. இதயநோயில் அது பெண்; எலும்புப்புரையில் அது ஆண்.

வேண்டியவை புரட்சிகரமானவை அல்ல. ஒவ்வொரு மருந்துச் சோதனையும் தன் முடிவுகளை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும். ஆராய்ச்சி நிதி, நோய் தரும் சுமைக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும். ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் வந்தார்கள், யாருக்கு எந்தச் சிகிச்சை நடந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவற்றில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் புதிதாகப் பெரிய பணம் தேவையில்லை; பதிவேடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. மருத்துவம் பால் பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறந்து காட்டி அதை நிரூபிக்கலாம். அதுவரை, ஒரு பாலாரிடம் மட்டும் சோதித்த மருந்தைப் பாதி சோதித்த மருந்து என்றுதான் சொல்ல வேண்டும்.